தோற்றுப்போன மெம்பரேனைத் திறந்து பாருங்கள்

திருப்பூரில் ஒரு சாய ஆலை நாளைக் காலை ஓடுமா நிற்குமா என்பதைச் சுமார் 0.2 மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பாலிஅமைடு படலம் தீர்மானிக்கிறது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யலில் ஓடிய சாயமும், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய உப்பும், ஆற்றோர விவசாயிகள் நெடுங்காலம் நடத்திய வழக்கும் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்தன. அதன் பிறகு மறுபடி இயங்கத் தொடங்கிய நிலையங்களில் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: உயிரியல் சுத்திகரிப்பு, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்), கடைசியில் ஆவியாக்கியும் படிகமாக்கியும். நீரில் பெரும்பகுதியை மீட்டுத் தருவது ஆர்.ஓ. தான். அது விட்டுவைக்கும் ரிஜெக்ட் நீர் பெரும்பாலும் நீராவிச் செலவாகவே மாறுகிறது.

இது திருப்பூரோடு நிற்கும் கதை அல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் நிலையங்களிலும் இதே பாலிஅமைடு மெம்பரேன்தான் வேலை செய்கிறது. சென்னையில் மீஞ்சூர் 2010 முதலும் நெம்மேலி 2013 முதலும் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகின்றன. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நகரக் கழிவுநீர் 2019 முதல் ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தமிழ்நாட்டுத் தொழில்கள் இவ்வளவு முழுமையாகச் சார்ந்திருக்கும் பாலிமர் பொருள்கள் அதிகம் இல்லை.

அந்தப் பொருளை நாம் நடத்தும் விதத்தைப் பற்றியே இந்த ஆசிரியர் உரை. மெம்பரேன் கெட்டால் கழற்றுகிறோம், புதியதை மாட்டுகிறோம், பழையதை ஷெட்டுக்குப் பின்னால் அடுக்குகிறோம். எப்போது கெட்டது என்று பதிவேட்டில் இருக்கும். ஏன் கெட்டது என்று பெரும்பாலும் இருக்காது. இந்த மெம்பரேன் பிறந்து வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், நாம் ஷெட்டுக்குப் பின்னால் போடுவது வெறும் குப்பை அல்ல என்பது புரியும். அடுத்த கண்டுபிடிப்புக்கு வேண்டிய மூலத் தகவலையே நாம் வீசிக்கொண்டிருக்கிறோம்.

1950-களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீடும் பிரெட்டனும், செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுத்து நீரை விடுகிறது என்று காட்டினார்கள். ஆனால் அதில் நீர் கசிந்த வேகம் மிகக் குறைவு. அறிவியலுக்கு அது வெற்றி, தொழிலுக்குப் பயன்படாத வெற்றி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும் அதே பாலிமரை எடுத்துக்கொண்டார்கள். கடையில் கிடைத்த செல்லுலோஸ் அசிடேட் வடிபடலத்தை வெந்நீரில் சூடாக்கிச் சோதித்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஒரு பக்கம் உப்புநீரைப் பார்க்க வைத்தால் உப்பு நின்றது, அதையே புரட்டி வைத்தால் நிற்கவில்லை. சரிவராத அந்த ஓட்டத்தை அவர்கள் கணக்கிலிருந்து தள்ளிவிடவில்லை. படலத்தின் இரு முகங்களும் ஒன்றல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். அதிலிருந்து, மேலே மிக மெல்லிய அடர்ந்த தோலும் கீழே நுண்துளைகள் நிறைந்த தாங்கியுமாகத் தாங்களே படலம் வார்க்கக் கற்றார்கள். நீர் வரும் வேகம் பல மடங்கு உயர்ந்தது. பிறகு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்தத் தோலின் தடிமன் சுமார் 0.2 மைக்ரான்தான் என்று தெரிந்தது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், நாளொன்றுக்குச் சுமார் 20,000 லிட்டர் தரும் ஆர்.ஓ. நிலையம் இயங்கத் தொடங்கியது.

அங்கிருந்து அடுத்த படிக்குப் போக வழிகாட்டியது செல்லுலோஸ் அசிடேட்டின் தோல்விதான். நீரின் பி.எச். சற்று விலகினாலே அது நீராற்பகுப்பில் சிதையும். நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். வெப்பம் ஏறினால் தாங்காது. நெடுநாள் அழுத்தத்தில் அமுங்கி, நீர் வரும் வேகம் குறையும். களத்தில் கண்ட இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ஆய்வகத்துக்குக் கேள்வியாகத் திரும்பிச் சென்றது. டூபாண்ட் நிறுவனம் அரமிட் பாலிமரில் தலைமுடி போன்ற உள்ளீடற்ற இழைகளைச் செய்து பார்த்தது. மின்னியாபொலிஸில் ஜான் கடோட் வேறு வழியில் போனார். தோலும் தாங்கியும் ஒரே பாலிமராக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்பது அவர் வழியின் சாரம். தாங்குவதற்குப் பாலிசல்போன், பிரிப்பதற்கு அதன்மேல் தனியாக உருவாக்கிய வேறொரு படலம். 1970-களின் இறுதியில் அவர் கண்டுபிடித்த பாலிஅமைடுதான், சிறு மாற்றங்களுடன், இன்று நம் பிரஷர் வெசல்களுக்குள் இருக்கிறது.

அது உருவாகும் விதத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பாலிசல்போன் பூசிய துணியை, சுமார் 2 சதவீதம் மெட்டா பினிலீன் டையமீன் கரைத்த நீரில் நனைக்கிறார்கள். மேலே நிற்கும் ஈரத்தை ரப்பர் உருளையால் வழித்து எடுக்கிறார்கள். அதன்மேல் ஹெக்சேனில் 0.1 சதவீத அளவில் கரைத்த ட்ரைமெசாயில் குளோரைடை ஊற்றுகிறார்கள். நீரும் ஹெக்சேனும் கலப்பதில்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் மட்டும் வினை நடந்து, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் சில நொடிகளில் படலம் படிகிறது. படிந்த படலமே அடுத்த டையமீன் மேலே ஏறுவதைத் தடுப்பதால் வளர்ச்சி தானாக நின்றுவிடுகிறது. இவ்வளவு மெல்லிய தோல், பல நூறு மீட்டர் நீளத் துணியில் பெரிய ஓட்டையின்றிக் கிடைப்பதன் காரணம் இதுதான். கீழே பாலியெஸ்டர் துணி சுமார் 100 மைக்ரான், நடுவே பாலிசல்போன் சுமார் 40 மைக்ரான், மேலே பாலிஅமைடு அதிகம் போனால் 0.2 மைக்ரான். கடல்நீர் நிலையத்தில் 60 பார் அழுத்தத்தில் உப்பைப் பிரிப்பது அந்தக் கடைசி அடுக்கு மட்டுமே.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பில் ஒன்றைப் பெற்று ஒன்றை இழந்தோம். செல்லுலோஸ் அசிடேட் சிறிதளவு குளோரினைத் தாங்கும், பாலிஅமைடு தாங்காது. எந்த அமைடு பிணைப்பு இந்தப் படலத்துக்கு வலிமையையும் உப்பைத் தடுக்கும் திறனையும் தருகிறதோ, அதன் நைட்ரஜனில்தான் குளோரின் முதலில் ஏறுகிறது. அங்கிருந்து பென்சீன் வளையத்துக்கு நகர்கிறது. சங்கிலிகளைக் கட்டி வைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, உப்பு கசியத் தொடங்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ரீ குளோரின் உள்ள நீர் 200 முதல் 1,000 மணி நேரம் பட்டால் மெம்பரேன் சேதமடையத் தொடங்கும் என்பது தயாரிப்பாளர்களே தரும் அளவு. இரும்பு போன்ற உலோகங்கள் படிந்திருந்தால் அந்தக் காலம் இன்னும் சுருங்கும். அதனால்தான் குளோரினை நீக்கச் சோடியம் மெட்டாபைசல்பைட் போடுகிறோம். 1 மில்லிகிராம் குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 மில்லிகிராம் போதும், நடைமுறையில் 3 வரை போடச் சொல்கிறார்கள். டோசிங் பம்ப் நின்றுபோன ஓர் இரவும், குளோரின் மிச்சத்தைக் கண்காணிக்க வைத்துப் பிழையாகக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டரும் உடனே எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. சில மாதங்கள் கழித்துப் பெர்மியேட்டின், அதாவது வடிந்து வரும் நீரின், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஏறும்போது, காரணமான அந்த இரவு யாருக்கும் நினைவில் இருக்காது.

இன்னொன்றையும் நம் வாசகர்கள் முன் வைக்க வேண்டும். நாம் வாங்கும் எலிமென்ட்டின் (சுருட்டிய மெம்பரேன் உருளையின்) விவரத்தாளில் உள்ள எண்கள் எந்த நீரில் அளக்கப்பட்டவை? உவர்நீர் வகைக்கு 2,000 பி.பி.எம். சோடியம் குளோரைடு, 15.5 பார், 25 டிகிரி செல்சியஸ், 15 சதவீத மீட்பு. கடல்நீர் வகைக்கு 32,000 பி.பி.எம். சோடியம் குளோரைடு, 55 பார், அதே 25 டிகிரி, 8 சதவீத மீட்பு. ஒரு தயாரிப்பை இன்னொன்றோடு ஒப்பிட இது நேர்மையான அளவுகோல், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சாயக் கழிவுநீர் அப்படி வருவதில்லை. அதில் சோடியம் சல்ஃபேட்டும் குளோரைடும் உண்டு, கடினத்தன்மையும் சிலிக்காவும் உண்டு. நூலுக்குப் போட்ட கஞ்சியின் பாலிவினைல் ஆல்கஹால், மீந்த சாயம், சாயத்தைத் துணியில் நிறுத்தப் போடும் ஃபிக்ஸிங் ரசாயனம் எல்லாம் வரும். மே மாதத்தில் நீர் 25 டிகிரியில் நிற்காது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நீர் வரத்து ஏறத்தாழ 3 சதவீதம் கூடும், உப்புக் கசிவும் கூடவே ஏறும். விவரத்தாள் சொல்லும் மெம்பரேனும் நம் வெசலுக்குள் உழைக்கும் மெம்பரேனும் ஒரே பொருள்தான், ஆனால் அவை ஒரே சூழலில் வாழ்வதில்லை.

சோதனை நீர் உண்மை நீரின் குறைகளை மறைத்துவிடும் என்பதற்குச் சான்று ஆய்வகங்களிலேயே உண்டு. குளோரினைத் தாங்கும் மெம்பரேன் வேண்டும் என்று தேடி, சல்ஃபோனேட் ஏற்றிய பாலிசல்போன் வகைகளை 2008-இல் வர்ஜீனியா டெக், டெக்ஸாஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அமைடு பிணைப்பே இல்லாததால் குளோரினை அது நன்றாகத் தாங்கியது. எதிர்பார்ப்பும் பெரிதாக இருந்தது. ஆனால் கால்சியம் கலந்த நீரில் சோடியத்தைத் தடுக்கும் அதன் திறன் குறைவது பின்னர் தெரியவந்தது. தனிச் சோடியம் குளோரைடில் மறைந்திருந்த குறையைக் கலப்பு நீர் வெளியே கொண்டுவந்தது. பாலிஅமைடு இன்றுவரை தன் இடத்தில் நிற்கிறது.

இனி எந்தத் திசையில் கண்டுபிடிப்பு வேண்டும் என்பதும் தெளிவாகவே இருக்கிறது. கடல்நீரில் பாதியை நன்னீராக மீட்க, இயற்பியல் விதிக்கும் குறைந்தபட்ச ஆற்றல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம். இன்றைய நல்ல நிலையங்களின் ஆர்.ஓ. பகுதி சுமார் 2 முதல் 3 யூனிட்டில் இயங்குகிறது. நீரை இன்னும் வேகமாக விடும் படலம் வந்தாலும் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சம்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 2015-இல் 10 நானோமீட்டருக்கும் குறைவான பாலிஅமைடு படலம் செய்து காட்டினார்கள். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தடிமனைவிடப் படலத்தின் அடர்த்தி சீராக இருப்பதே நீர் வரத்துக்கு முக்கியம் என்று கண்டது. நீர் மூலக்கூறு இந்தப் படலத்தில் கரைந்து கடக்கிறதா, துளைகள் வழியே பாய்கிறதா என்ற அடிப்படை விவாதமும் 2023-இல் மறுபடி சூடுபிடித்தது. நுண்துளைகள் வழியான ஓட்டம் என்ற கருத்தின் பக்கம் 1960-களிலேயே நின்றவர் சௌரிராஜன். இவையெல்லாம் மதிக்கத்தக்க வேலைகள். ஆயினும் நம் போன்ற தொழில்களுக்கு வேண்டியது வேகமான மெம்பரேன் அல்ல, நாள்பட உழைக்கும் மெம்பரேன். அழுக்கு ஒட்டாத, குளோரினுக்கு அஞ்சாத, கடுமையான கார, அமிலக் கழுவலை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பாலிமர் வேண்டும். நீடித்து உழைப்பதைப் பற்றிய அறிவு சுத்தமான ஆய்வக நீரில் கிடைக்காது. அது கெட்டுப்போன எலிமென்ட்டுக்குள் இருக்கிறது.

திறந்து பார்த்தால் தெரியும். 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் உள்ள ஓர் எலிமென்ட்டை முதலில் எடை போட வேண்டும். புதியதைவிடக் கனம் கூடியிருந்தால் உள்ளே ஏதோ படிந்திருக்கிறது. இரு முனை மூடிகளையும் அறுத்து எடுத்து, ஃபைபர் கிளாஸ் ஓட்டை நீளவாக்கில் கீறிப் பிளந்தால் உள்ளே சுருட்டிய தாள்கள் விரியும். விரித்தால் சுமார் 37 சதுர மீட்டர், ஒரு சின்ன வீட்டின் தரைப் பரப்பு. முதல் வெசலின் முன்வரிசை எலிமென்ட் என்றால் பழுப்பு நிற வழுவழுப்பும் நாற்றமும் இருக்கலாம், அது நுண்ணுயிர்ப் படலம். செம்மண் நிறம் என்றால் இரும்பு. கடைசி ஸ்டேஜின் கடைசி எலிமென்ட் என்றால் விரலுக்கு மணல்தாள் போல் உரசும். அதன்மேல் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்குவது கார்பனேட். பொங்காமல் கிடந்தால் சல்ஃபேட்டையோ சிலிக்காவையோ சந்தேகிக்க வேண்டும்.

படிவு எதுவும் இல்லாமல் உப்பு மட்டும் கசிந்திருந்தால், ஒரு துண்டை வெட்டி அழுத்தத்தில் சாய நீரைச் செலுத்த வேண்டும். படலம் சிதைந்த இடத்தில் நிறம் மறுபக்கம் தெரியும். குளோரின் தின்றதா என்று அறிய ஃபுஜிவாரா சோதனை இருக்கிறது. பிரிடினும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த கலவையில் சூடாக்கும்போது செந்நிறம் வந்தால், படலத்தில் ஹாலஜன் ஏறியிருக்கிறது. பிரிடின் நச்சு என்பதால் இதை ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு மேசை, ஓர் அறுவை இயந்திரம், கையுறை, முகக்கவசம், ஒரு முற்பகல் போதும்.

அந்த ஒரு முற்பகல் எத்தனை தவறான முடிவுகளைத் தடுக்கிறது என்று பாருங்கள். படலத்தின் பரப்பு வழக்கமாக எதிர்மின் ஏற்றம் கொண்டது. முன்கட்டத்தில் போடும் நேர்மின் வகை ஃப்ளாக்குலன்ட் மிஞ்சி வந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், சாய ஆலை மாற்றிய ஒரு ஃபிக்ஸிங் ரசாயனமும் அப்படியே ஒட்டும். பாலி அலுமினியம் குளோரைடு அளவு கூடினால் மிஞ்சிய அலுமினியம், படிவைத் தடுக்கப் போடும் ஆன்டிஸ்கேலன்ட்டோடு சேர்ந்து படியும். இவை மூன்றிலும் குற்றவாளி மெம்பரேன் அல்ல. திறந்து பார்க்காத நிலையத்தில் பழி மெம்பரேன் மீது விழும், புது செட் வாங்கப்படும், அதே காரணத்தால் அதுவும் கெடும். காரணம் தெரிந்த நிலையத்தில் ஒரு டோசிங் அளவு மாறும், அவ்வளவுதான்.

ஆகவே தொழிலில் உள்ள ஒவ்வொருவரிடமும் இந்த இதழ் சில வேண்டுகோள்களை வைக்கிறது. நிலையத்தை நடத்துவோர், முதல் நாளிலிருந்தே அழுத்தம், வெப்பம், டி.டி.எஸ். மூன்றையும் கணக்கில் கொண்டு இயல்பாக்கிய எண்களை எழுதி வைக்க வேண்டும். வெறும் ஓட்ட அளவு கோடையில் பொய்யான நம்பிக்கை தரும். செட் மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் எலிமென்ட் ஒன்றையும் கடைசி எலிமென்ட் ஒன்றையும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். கொள்முதல் செய்வோர், மெம்பரேன் ஒப்பந்தத்திலேயே திறந்து ஆராயும் கடமையையும் அறிக்கையை நிலையத்துக்குத் தரும் கடமையையும் எழுத வேண்டும். பாவ்நகரின் மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களிலும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் மெம்பரேன் செய்யும் ஆய்வாளர்கள், தங்கள் புதிய பாலிமரைச் சோடியம் குளோரைடு கரைசலோடு நிறுத்தாமல், ஒரு டிரம் உண்மையான சாயக் கழிவுநீரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த டிரம்மைக் கொடுக்க நிலையங்கள் தயங்கக் கூடாது.

பழைய எலிமென்ட்டுகளையும் அப்படியே புதைக்க வேண்டியதில்லை. பாலிஅமைடைச் சிதைக்கும் அதே ஹைப்போகுளோரைட்டை வேண்டுமென்றே செலுத்தி மேல்தோலைக் கரைத்துவிட்டால், அடியில் உள்ள பாலிசல்போன் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பரேனாக மீண்டும் உழைக்கிறது. ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். முன்வடிப்புக்குப் பயன்படுமா என்று நம் நிலையங்களும் ஒரு வெசல் அளவில் சோதிக்கலாம்.

அச்சம் ஒன்று உண்டு என்பதை அறிவோம். தோல்வியை வெளியே சொன்னால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்புமோ, போட்டியாளர் பயன்படுத்திக்கொள்வாரோ என்ற தயக்கம் நியாயமானதே. அதனால் நிலையத்தின் பெயரும் ஊரும் மெம்பரேனின் பிராண்டும் எங்களுக்கு வேண்டாம். ஃபீட் நீரின் பகுப்பாய்வு, எத்தனை மாதம் ஓடியது, என்னென்ன ரசாயனத்தால் கழுவினீர்கள், திறந்தபோது என்ன கண்டீர்கள், இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். வேதியியல் நடை வேண்டியதில்லை. ஷிஃப்ட் ஆபரேட்டர் தன் சொந்த மொழியில் எழுதினால் அதுவே போதும். வரும் குறிப்புகளைத் தொகுத்து இந்தப் பக்கங்களில் வெளியிடுவோம், பாலிமர் செய்வோர் கையில் சேர்ப்போம்.

செல்லுலோஸ் அசிடேட்டின் தோல்விகளைப் பதிவு செய்தவர்கள் இருந்ததால் பாலிஅமைடு வந்தது. பாலிஅமைடின் தோல்விகளை இவ்வளவு கடினமான நீரில், இவ்வளவு நிலையங்களில், நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். அடுத்த மெம்பரேன் நம் நீரைத் தாங்க வேண்டுமானால், நம் நீர் இந்த மெம்பரேனை என்ன செய்கிறது என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும். அடுத்த முறை கழற்றும் எலிமென்ட்டிலிருந்தே தொடங்குங்கள்.